ஸ்கிரீன் ரீடர் ஏன் திடீர்னு அமைதியாகிடுது? பிரௌசருக்குள்ள நடக்கிற கதை

(எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகச் சுருக்கித் திருத்தப்பட்டது.)

இன்னிக்கு எபிசோட் பிரௌசர் பத்தினது. அதுலயும் நம்மில் பெரும்பாலானவங்க ஒருமுறை கூடத் திறந்து பார்க்காத ஒரு பகுதி: பார்வையற்றவங்க பயன்படுத்துற ஸ்கிரீன் ரீடருக்குப் பக்கத்தைக் கொண்டுபோய்ச் சேர்க்கிற கோடு. அது எப்படி வேகமா ஓடுது, எவ்வளவு மெமரி சாப்பிடுது, ஏன் ஒரு காலத்துல திணறுச்சு, அதை எப்படிச் சரி பண்ணாங்க? இதுதான் இன்னிக்குப் பேசப் போறது.

முதல்ல, இது ஏன் முக்கியம்னு சொல்லிடறேன். ஒரு பக்கம் தொங்கிடுச்சுன்னா நமக்கு உடனே தெரியும். வட்டம் சுத்தும், திரை வெளுத்துப் போகும். "சரி, ஹேங் ஆயிடுச்சு"ன்னு காத்திருப்போம். ஸ்கிரீன் ரீடர்ல கேட்கிறவங்களுக்கு அந்த வட்டம் கிடையாது. கீழ் அம்புக்குறியை அழுத்துறாங்க, பதில் வரல. பக்கம் முடிஞ்சிடுச்சா? பத்தி காலியா? ஹெட்போன் கழண்டுடுச்சா? பிரௌசரே செத்துடுச்சா? எல்லாத்துக்கும் ஒரே அறிகுறிதான், மௌனம். அதனால இங்க அரை விநாடி தாமதம்ங்கிறது வெறும் எரிச்சல் இல்ல. பக்கத்துல என்ன இருக்குங்கிற தகவலே அந்த அரை விநாடிக்கு இல்லாம போகுது. தேர்வு விண்ணப்பமோ பேங்க் பக்கமோ நிரப்பிட்டு இருக்கும்போது ஒவ்வொரு அழுத்தலுக்கும் இது நடந்தா எப்படி இருக்கும்னு யோசிச்சுப் பாருங்க.

ஸ்கிரீன் ரீடர் எதைப் படிக்குது?

பலர் நினைக்கிறது, ஸ்கிரீன் ரீடர் திரையைப் "பார்த்து" படிக்குதுன்னு. அப்படி இல்ல. அது பிரௌசர்கிட்ட கேள்வி கேட்குது.

எச்டிஎம்எல்லை பிரௌசர் ஒரு மரமா மாத்தி வச்சிருக்கும்னு நமக்குத் தெரியும், அதுதான் டாம். அதுலிருந்து இன்னொரு மரத்தையும் பிரௌசர் கட்டும். அதுக்குப் பேரு அக்செசிபிலிட்டி ட்ரீ. அலங்காரத்துக்குப் போட்ட டிவ் எல்லாம் அதுல பெருசா முக்கியம் இல்ல. ஒவ்வொரு நோடுக்கும் பெயர் என்ன, வேலை என்ன, நிலை என்ன, திரையில எங்க இருக்கு, இதுதான் முக்கியம். உதாரணமா: பெயர் "பணம் செலுத்து", வேலை பட்டன், நிலை இப்போ அழுத்த முடியாது.

இந்த மரத்தைக் கேட்டு வாங்க ஒவ்வொரு ஆபரேட்டிங் சிஸ்டத்துலயும் ஒரு ஏபிஐ இருக்கு. விண்டோஸ்ல 1997லயே வந்த எம்எஸ்ஏஏ, அதுக்கு மேல 2006ல வந்த ஐஅக்செசிபிள்2, அப்புறம் யூஐ ஆட்டோமேஷன். லினக்ஸ், மேக், ஆண்ட்ராய்டுக்குத் தனித்தனியா உண்டு. இதுல பெரும்பாலானது ஒரு விஷயத்துல ஒண்ணு: கேள்வி கேட்டா பதில் வர்ற வரைக்கும் கேட்டவர் நின்னுட்டே இருக்கணும். இதைத்தான் நாம சிங்க்ரோனஸ்னு சொல்றோம். இந்த ஒரு வார்த்தையை மனசுல வச்சுக்கோங்க, மொத்தக் கதையும் இதைச் சுத்தித்தான்.

விண்டோஸ்ல என்விடிஏ, ஜாஸ் மாதிரி ஸ்கிரீன் ரீடர்கள் பக்கம் திறந்ததும் மரம் முழுக்க நடந்து தங்களுக்குன்னு ஒரு பிரதி எடுத்துக்கும். அம்புக்குறியில வரி வரியா நகர்றது அந்தப் பிரதிக்குள்ளதான். ஆனா அந்தப் பிரதியைக் கட்டவும், பக்கம் மாறும்போது புதுப்பிக்கவும் ஆயிரக்கணக்கான கேள்விகள் போகணும்.

பிரௌசர் ஒரே புராசஸா இருந்த காலத்துல இது பெரிய பிரச்சனை இல்ல. ஸ்கிரீன் ரீடர் தன்னோட கோடை பிரௌசர் புராசஸுக்குள்ளயே ஏத்திடும். கேள்வி கேட்கிறது ஒரு ஃபங்ஷன் கால் மாதிரிதான். ஆயிரம் கேள்வி கேட்டாலும் கண்ணிமைக்கிற நேரம்.

நடுவுல வந்த சுவர்

2008ல குரோம் வந்தது. ஒவ்வொரு பக்கத்தையும் தனிப் புராசஸ்ல, சாண்ட்பாக்ஸுக்குள்ள ஓடவிட்டாங்க. ஒரு டேப் விழுந்தா மத்தது விழாது, கெட்ட பக்கம் உங்க கம்ப்யூட்டரைத் தொட முடியாது. ஃபயர்ஃபாக்ஸும் 2016ல வந்த 48ஆம் பதிப்புல இந்த வழிக்குப் படிப்படியா மாற ஆரம்பிச்சது. பாதுகாப்புக்கு இது கண்டிப்பா வேண்டிய மாற்றம்.

ஆனா ஸ்கிரீன் ரீடர் பக்கம் இருந்து பாருங்க. அது பேசுறது பிரௌசரோட தாய்ப் புராசஸ்கிட்ட. தகவல் இருக்கிறதோ சுவருக்கு அந்தப் பக்கம், பக்கத்தோட புராசஸ்ல. இப்போ ஒவ்வொரு கேள்வியும் சுவரைத் தாண்டிப் போய், பதிலோட திரும்பி வரணும்.

ஒரு கணக்கு போடலாம், புரியறதுக்காக மட்டும். ஒரு கேள்வி போய் வர 0.1 மில்லிவிநாடின்னு வச்சுக்கோங்க. கேட்க ரொம்பக் குறைவுதான். பக்கத்துல 10,000 நோடு, ஒவ்வொண்ணுக்கும் 10 கேள்வி. மொத்தம் 1,00,000 கேள்வி. பெருக்கினா 10 விநாடி. இதுவும் அந்தப் பக்கம் இருக்கிறவர் சும்மா உட்கார்ந்திருந்தாத்தான். அங்க பெரிய ஜாவாஸ்கிரிப்ட் ஒண்ணு ஓடிட்டு இருந்தா, முதல் கேள்விக்கே பதில் வர அது முடியணும்.

இதை நம்ம வீட்டு உதாரணத்துல பாருங்க. அம்மா மூணாவது மாடியில, நீங்க கீழ மளிகைக் கடையில. கையில லிஸ்ட் இல்ல. போன் போட்டு "அம்மா, பருப்பு எவ்வளவு?" அவங்க போய் டப்பாவைத் திறந்து பார்த்து "அரை கிலோ" சொல்லணும். வச்சுட்டு மறுபடி போன், "எண்ணெய்?" மறுபடி "புளி?" நடுவுல அம்மா குளிக்கப் போயிட்டாங்கன்னா நீங்க கடையில நின்னுட்டே இருக்கணும். உங்க பின்னாடி வரிசையே நிக்கும்.

அந்த "வரிசை"தான் உண்மையான ஆபத்து. பதிலுக்காகத் தாய்ப் புராசஸ் நின்னுட்டா, மெனு, அட்ரஸ் பார், மத்த டேப் எல்லாமே சேர்ந்து நிக்கும்.

2017 நவம்பர்ல ஃபயர்ஃபாக்ஸ் 57 வந்தது, குவாண்டம்னு பெரிய ஆரவாரத்தோட. பார்த்துப் பயன்படுத்துறவங்களுக்கு நிஜமாவே பெரிய வேக முன்னேற்றம். அதே வெளியீடு விண்டோஸ்ல ஸ்கிரீன் ரீடரோட பயன்படுத்தினவங்களுக்கு முன்பைவிட மெதுவாச்சு. காரணம் இந்தச் சுவர்தான். கொஞ்ச காலம் பழைய நீண்டகால ஆதரவுப் பதிப்பான 52லயே இருங்கன்னு அறிவுரை சொல்ற நிலைமை வந்தது. உலகமே வேகமாச்சுன்னு கொண்டாடின ஒரு வெளியீட்டுல, ஒரு கூட்டத்துக்கு மட்டும் கடிகாரம் பின்னாடி போச்சு.

லிஸ்டை முன்னாடியே எழுதிக் கொடுத்துடு

தீர்வு என்ன? அம்மா கையில லிஸ்ட் எழுதிக் கொடுத்துடறது.

அதாவது, பக்கத்தோட புராசஸ் தன் அக்செசிபிலிட்டி ட்ரீயை ஒரு பிரதியா தாய்ப் புராசஸுக்கு முன்கூட்டியே அனுப்பிடும். ஸ்கிரீன் ரீடர் என்ன கேட்டாலும் தாய்ப் புராசஸ் தன் கையில இருக்கிற பிரதியைப் பார்த்தே சொல்லிடும். சுவரைத் தாண்ட வேண்டியதில்ல, மறுபடி ஃபங்ஷன் கால் வேகம்தான். பக்கத்துல ஏதாவது மாறினா மாறினதை மட்டும் அந்தப் பக்கம் அனுப்பும். "லிஸ்ட்ல புளி வேண்டாம், மிளகு சேர்த்துக்கோ"ன்னு அம்மா வாட்ஸப் பண்ற மாதிரி. யாரும் யாருக்காகவும் நிக்கிறதில்ல.

குரோமோட வடிவமைப்பு அடிப்படையில இதுதான். ஃபயர்ஃபாக்ஸ்ல இதுக்காக அக்செசிபிலிட்டி எஞ்சினையே மறுபடி கட்ட வேண்டி வந்தது. அந்தத் திட்டத்துக்கு அவங்க வச்ச செல்லப் பெயர் "கேஷ் த வேர்ல்ட்". உலகத்தையே கேஷ் பண்ணு! இதுல முக்கியப் பங்கு ஜேம்ஸ் டேவுக்கு உண்டு. அவரே பார்வையற்றவர், மைக்கேல் கர்ரனோட சேர்ந்து என்விடிஏவை வளர்த்தவர், பிறகு மோசில்லாவுக்குப் போனவர். சுவருக்கு ரெண்டு பக்கமும் கோடு எழுதின ஆள்.

புது எஞ்சின் 2023 மே மாசம் ஃபயர்ஃபாக்ஸ் 113ல எல்லாருக்கும் வந்தது. அந்த வெளியீட்டுக் குறிப்புல சுவாரஸ்யமான ஒரு விஷயம் இருக்கு. பலன் ஸ்கிரீன் ரீடருக்கு மட்டும் இல்ல, கிழக்காசிய மொழிகளை டைப் பண்ற மென்பொருளுக்கும், கம்பெனிகள்ல ஒரே லாகின்ல எல்லாத்துக்கும் போக வைக்கிற மென்பொருளுக்கும் கூட உண்டுன்னு சொல்லியிருந்தாங்க. ஏன்னா அவையும் இதே ஏபிஐ வழியாத்தான் பக்கத்தைப் பார்க்குது. "நான் ஸ்கிரீன் ரீடர் போடலையே, எனக்கென்ன"ன்னு சொல்ல முடியாது. உங்க ஆபீஸ் லேப்டாப்ல இந்தக் கோடு இப்போவே ஓடிட்டு இருக்கலாம்.

சரி, மெமரிக்கு யார் காசு கட்டுறது?

இஞ்சினியரிங்ல இலவசம்னு ஒண்ணும் இல்ல. வேகத்துக்கு விலை மெமரி.

எத்தனை பிரதி இருக்குன்னு எண்ணிப் பாருங்க. டாம் ஒண்ணு. பக்கத்தோட புராசஸ்ல அக்செசிபிலிட்டி ட்ரீ ஒண்ணு. தாய்ப் புராசஸ்ல அதோட பிரதி ஒண்ணு. ஸ்கிரீன் ரீடர் தனக்குன்னு எடுத்துக்கிட்டது ஒண்ணு. ஒரே "பணம் செலுத்து" பட்டன் நாலு இடத்துல வாழுது. இருபது டேப் திறந்து வச்சிருந்தா? 4 ஜிபி ராம் இருக்கிற பழைய லேப்டாப்ல இது நிஜமான பாரம். மெமரி நிரம்பினா சிஸ்டம் டிஸ்குக்கு மாத்தி எழுத ஆரம்பிக்கும், மறுபடி மெதுவாகும். வேகத்துக்காகச் செஞ்சது வேகத்தையே தின்னுடும்.

அதனால நிஜமான வேலை கேஷ் பண்றதுல இல்ல, எதைப் பிரதி எடுக்கிறது, எதை விடறதுங்கிறதுல இருக்கு. சில உத்திகளைச் சொல்றேன்.

ஒண்ணு, காலிப் பெட்டி வைக்காதே. குரோமியம்ல ஒரு நோடுக்கு இருக்கக்கூடிய பண்புகள் நூத்துக்கும் மேல. ஆனா ஒரு சாதாரண நோடுக்கு அதுல விரல்விட்டு எண்ணக்கூடியதுதான் இருக்கும். அட்டவணை வரிசை எண் ஒரு பத்திக்கு எதுக்கு? நூறு பண்புக்கும் நூறு இடம் ஒதுக்கினா பெரும்பாலானது காலியா கிடக்கும். அதனால இருக்கிறதை மட்டும் பெயர், மதிப்புன்னு ஜோடி ஜோடியா ஒரு சின்ன வரிசையில வைக்கிறாங்க. ஆமா, இல்லன்னு மட்டும் சொல்ற நிலைகளை ஒரே எண்ணுக்குள்ள பிட் பிட்டா அடுக்கிடறாங்க.

ரெண்டு, கேட்கிறவருக்கு ஏத்த அளவு. பாஸ்வேர்டு மேனேஜருக்கு வேண்டியது படிவப் பெட்டிகள் மட்டும்தான். ஒவ்வொரு எழுத்தும் திரையில எந்த இடத்துல இருக்குங்கிற விவரம் அதுக்கு வேண்டாம். குரோம்ல இதுக்கு மோடுகள் உண்டு. ஃபயர்ஃபாக்ஸ்லயும் பிற்பாடு கேஷைப் பிரிவு பிரிவா வகுத்து, கேட்கப்பட்ட பிரிவை மட்டும் நிரப்புற ஏற்பாடு வந்தது. இடம், எழுத்து, அட்டவணைன்னு தனித்தனிப் பிரிவு.

மூணு, யாரும் கேட்கலன்னா கட்டாதே. எந்த மென்பொருளும் ஏபிஐயைத் தொடாத வரைக்கும் இந்த மரமே முழுசா உருவாகாது. குரோம்ல ஒருமுறை இயங்க ஆரம்பிச்ச பிறகும், பயனர் வேலை பண்ணிட்டே இருக்கார் ஆனா ஏபிஐயை யாரும் தொடலன்னா தானா அணைச்சுக்கிற வசதியும் இருக்கு.

ஸ்க்ரோல் பண்ணா என்ன ஆகும்?

எனக்கு ரொம்பப் பிடிச்ச உத்தி இது. ஒவ்வொரு நோடும் திரையில எங்க இருக்குன்னு பிரதியில வச்சிருக்கோம். பயனர் ஒரு இழுப்பு ஸ்க்ரோல் பண்றார். 10,000 நோடோட இடமும் மாறிடுச்சு. பத்தாயிரத்தையும் மறுபடி அனுப்பணுமா? விநாடிக்கு 60 முறை?

பஸ்ல உட்கார்ந்திருக்கீங்க, சீட் நம்பர் 14. பஸ் தாம்பரத்துலிருந்து கிண்டி போயிடுச்சு. உங்க சீட் நம்பர் மாறுச்சா? இல்லையே. பஸ் எங்க இருக்குன்னு தெரிஞ்சா போதும், நீங்க எங்கன்னு கணக்குப் போட்டுக்கலாம்.

குரோமியம் இதைத்தான் செய்யுது. நோடோட இடத்தைத் திரையோட மூலையிலிருந்து அளக்காம, அதைச் சுமக்கிற பெட்டியிலிருந்து அளந்து வைக்குது. ஸ்க்ரோல் ஆனா அந்தப் பெட்டியோட ஒரே ஒரு எண்ணை மாத்தினா போதும். யாராவது கேட்டாத்தான் மேல வரைக்கும் கூட்டிப் பார்க்கும். ஃபயர்ஃபாக்ஸ் கேஷும் இடத்தைப் பெற்றோர் நோடை வச்சுத்தான் சேமிக்குது.

மாற்றங்களை அனுப்புறதுலயும் இதே சிக்கனம். ஒரு சாட் பக்கத்துல நூறு மாற்றம் அடுத்தடுத்து நடந்தா நூறு தடவை அனுப்பறதில்ல. மாறின நோடுகளைக் குறிச்சு வச்சுட்டு, லேஅவுட் கணக்கு முடிஞ்ச பிறகு கொத்தா அனுப்புது. ஒரே நோடு அஞ்சு முறை மாறியிருந்தாலும் கடைசி நிலை மட்டும் போனா போதும். ஆனா ரொம்ப நேரம் சேர்த்து வைக்கவும் கூடாது. டைப் பண்ற எழுத்து காதுல உடனே கேட்கணும் இல்லையா? அதனால ஃபோகஸ் மாறுறது, டைப் பண்றது மாதிரி பயனர் நேரடியா செஞ்சதுக்கு முன்னுரிமை.

செத்த நோடும் கையில இருக்கிற டோக்கனும்

மெமரியில இன்னொரு தலைவலி. ஸ்கிரீன் ரீடர் ஒரு பட்டனைக் குறிக்கிற டோக்கனைக் கையில வச்சிருக்கு. அதே நொடியில ஜாவாஸ்கிரிப்ட் அந்தப் பட்டனைப் பக்கத்துலிருந்து நீக்கிடுச்சு. இப்போ என்ன செய்யறது?

வெளியே ஒருத்தர் டோக்கன் வச்சிருக்கார்னு மொத்த நோடையும் உயிரோட வச்சிருந்தா மெமரி லீக். ஒரு நோடு தன் பெற்றோரைப் பிடிச்சிருக்கும், அது தன் பெற்றோரை, அப்படியே மூடின பக்கம் முழுசும் மெமரியில தொங்கும். சரின்னு அழிச்சுட்டா, அந்த டோக்கனோட கேள்வி வரும்போது பிரௌசர் இல்லாத இடத்தைத் தொடும். அது கிராஷ் மட்டும் இல்ல, பாதுகாப்பு ஓட்டையாவும் ஆகலாம்.

நடுவழி இதுதான். உள்ள இருக்கிற கனமான பகுதியை அழிச்சுட்டு, வெளியே ஒரு மெல்லிசான ஓடு மட்டும் விட்டு வைப்பாங்க. அதுகிட்ட என்ன கேட்டாலும் "நான் இப்போ இல்ல, காலாவதி"ன்னு ஒரே பதில். கேட்டவர் டோக்கனைத் திருப்பிக் கொடுத்ததும் ஓடும் போயிடும். பல இடங்கள்ல நேரடி பாயின்டரைக் கொடுக்காம ஒரு எண்ணை மட்டும் கொடுத்து, கேள்வி வரும்போது அந்த எண்ணுக்கு ஆள் இருக்காரான்னு பதிவேட்டுல பார்ப்பாங்க.

வெப் டெவலப்பர்களே, உங்க பங்கு

பிரௌசர் இவ்வளவு சிக்கனமா வேலை பார்த்தாலும், நாம எழுதுற பக்கம் அதைத் தோற்கடிக்க முடியும்.

ரியாக்ட் எழுதுறவங்க கவனிங்க. லிஸ்ட்ல கீயா ரேண்டம் எண் கொடுத்தா, ஒவ்வொரு ரெண்டர்லயும் பழைய நோடு எல்லாம் செத்துப் புதுசு பிறக்கும். கண்ணுக்கு ஒண்ணும் தெரியாது. ஆனா அக்செசிபிலிட்டி ட்ரீயில மொத்தக் கிளையும் வெட்டி நட்ட கணக்கு. எல்லாத்தையும் மறுபடி அனுப்பணும், அதைவிட மோசம், ஏழாவது வரியில கேட்டுட்டு இருந்தவர் எங்க இருந்தார்ங்கிறதே தொலைஞ்சு போகலாம். நிலையான ஐடியைக் கீயா கொடுங்க.

ரெண்டாவது, மறைக்கிற விதம். ஓபாசிட்டியைப் பூஜ்யமாக்கினாலோ திரைக்கு வெளியே தள்ளினாலோ, அது கண்ணுக்குத்தான் மறையும், மரத்துல இருக்கும், காதுல கேட்கும். மூடின மெனுவுக்கு டிஸ்ப்ளே நன் போடுங்க. ரெண்டு பேருக்கும் நல்லது.

மூணாவது, ஏரியா லைவ். விநாடிக்கு ஒருமுறை மாறுற விலைப் பட்டியலுக்கு லைவ் ரீஜன் வச்சா, ஸ்கிரீன் ரீடர் வாயை மூடாது. அறிவிக்க வேண்டியதை மட்டும் அறிவிங்க.

நாலாவது, அளவு. 5,000 வரி டேபிளை ஒரே மூச்சுல கொட்டினா, அந்த நாலு பிரதியும் பெருக்கும். பக்கம் பக்கமா பிரிங்க. வெர்ச்சுவல் லிஸ்ட் போட்டீங்கன்னா மொத்தம் எத்தனை, இது எத்தனாவதுன்னு சொல்ற ஏரியா செட்சைஸ், ஏரியா போஸின்செட் ரெண்டையும் மறக்காதீங்க. இல்லன்னா 5,000 வரி இருக்கிற இடத்துல 20தான் இருக்குன்னு அவங்களுக்குக் கேட்கும்.

சோதிச்சுப் பார்க்க காசு வேண்டாம். விண்டோஸ்ல என்விடிஏ இலவசம், ஓப்பன் சோர்ஸ். அதோட வர்ற ஈஸ்பீக் குரல்ல தமிழும் உண்டு. ஃபயர்ஃபாக்ஸ் டெவலப்பர் டூல்ஸ்ல அக்செசிபிலிட்டின்னு ஒரு டேப், குரோம்ல எலிமெண்ட்ஸ் பக்கத்துல மரத்தை முழுசா காட்டுற பட்டன், ரெண்டும் ஏற்கனவே உங்ககிட்ட இருக்கு.

இந்த வாரம் ஒரு வேலை கொடுக்கிறேன். நீங்க எழுதின பக்கங்கள்ல கனமான ஒண்ணைத் திறங்க. என்விடிஏவை ஓட விடுங்க. மானிட்டரை அணைச்சுட்டு, கீழ் அம்புக்குறியை மட்டும் வச்சு அந்தப் பக்கத்துல ஒரு காரியத்தை முடிச்சுப் பாருங்க. எங்கெல்லாம் மௌனம் வந்தது, எவ்வளவு நேரம் வந்ததுன்னு குறிச்சு வைங்க. அடுத்த ஸ்பிரிண்ட்டுக்கு அந்தக் குறிப்புலிருந்து ஒரு டிக்கெட்டாவது போடுங்க.